ஒரு லிட்டர் ஏரி

டெலிபோன் அலறியது.

அவள் எடுக்கவில்லை.

வலது கண் மைக்ராஸ்கோப்பில் ஒட்டியிருந்தது. இடது கண் இறுக மூடியிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் நெற்றியில் வியர்வை!

"இருக்கவே முடியாது..." என்றாள், ஆளில்லாத அறையைப் பார்த்து.

போன் ஓய்ந்து, மறுபடி அலறியது. எடுத்தாள்.

"பூதக்கண்ணாடி மேடம்! தூங்கிட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர். போலீஸ் தடயவியல் லேபில் தண்ணீர், சேறு, பாசி என்று எது வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். அதனால் டிபார்ட்மென்ட் முழுக்க அவளுக்கு அந்தப் பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இவர் முகத்துக்கு நேரே.

"சார்... அந்தப் படகுக்காரர் ரிப்போர்ட்..."

"பிரமாதம்! காலையிலேயே கைக்கு வந்துடுச்சு. மனுஷன் ஏரியிலதான் மூழ்கி செத்திருக்கார். மச்சானோட சண்டை போட்டதைத் தெருவே பாத்திருக்கு. மச்சானை சாயங்காலம் கோர்ட்ல நிறுத்தறேன்."

"நிறுத்தாதீங்க சார்."

"ஏன்?"

"செத்தவரோட பேன்ட் பாக்கெட் வேற கதை சொல்லுது."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

"மேடம்... பேன்ட் பாக்கெட் சொல்ற கதை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். மாசக் கடைசியில காலியா இருக்கும்!"

அவள் சிரிக்கவில்லை.

"மஜ்ஜையில இருக்கற தண்ணி வேற... பாக்கெட்ல இருக்கற தண்ணி வேற சார்!"

இந்த இடத்தில் டயாட்டம் என்கிற ஜீவனை நாம் சந்தித்தே ஆக வேண்டும்.

ஆள் ரொம்பச் சின்னவர். ஒரே ஒரு செல். தண்ணீரில் வாழும் பாசி வகை. ஆனால் இருப்பது கண்ணாடி வீட்டில்! தண்ணீரில் கரைந்திருக்கும் மணல்சத்தை உறிஞ்சித் தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி கட்டிக்கொள்வார். படகு போல, சீப்பு போல, ஆப்பு போல... ஆயிரக்கணக்கான வடிவங்கள். ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒவ்வொரு கூட்டம்.

உயிரோடு ஒருவன் மூழ்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுப்பான். அதோடு டயாட்டங்களும் நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து ரத்தத்துக்கு. இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? அதுதான் பம்ப்! எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை வரைக்கும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

செத்த பிறகு தண்ணீரில் தூக்கிப் போட்டால்?

பம்ப் நின்றுவிட்டது. மஜ்ஜைக்கு எதுவும் வராது.

மஜ்ஜையை எடுத்து ஆசிட்டில் வேகவைப்பார்கள். சதை போகும், கொழுப்பு போகும். கண்ணாடி மட்டும் போகாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், செத்தவன் கடைசியாக எந்தத் தண்ணீரை இழுத்தான் என்று அது சொல்லிவிடும்.

படகுக்காரரின் மஜ்ஜை தெளிவாகச் சொன்னது. சீப்புகள்! ஆப்புகள்! சுத்தமான தண்ணீரில் கல்லையோ கண்ணாடியையோ பிடித்துக்கொண்டு வாழும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஏரித் தண்ணீர் வேண்டுமே? கரையிலேயே, படகுக்காரர் வேலை பார்த்த ஏரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்டதும் ஒரு லிட்டர் பாட்டில் வந்தது. மூடியில் அரக்கு சீல். லேபிளில் டைரக்டரின் கையெழுத்து. அதிலும் அதே சீப்புகள், அதே ஆப்புகள். கச்சிதமான பொருத்தம்.

'மஜ்ஜையில் உள்ளதும் பாட்டிலில் உள்ளதும் ஒரே தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் பாக்கெட்டைப் பிதுக்கிப் பார்த்தாள். யாரும் கேட்காத வேலை. எந்தத் துணி வந்தாலும் பிதுக்கிப் பார்ப்பது அவளுடைய பழக்கம்.

பச்சைக் கூழ்! ஒரு சீப்பு இல்லை. ஓர் ஆப்பு இல்லை.

"ஏரியில ஒரு பக்கம் தண்ணி ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி இருக்காதா மேடம்?"

"இருக்கலாம் சார். போய்ப் பாத்துட்டு வரேன்."

"சீக்கிரம் பாருங்க. கோர்ட் எனக்காகக் காத்திருக்காது."

*

லேபின் வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அழுகையும் தீர்ந்துபோன முகம்.

"நீங்கதான் கண்ணாடியில பாக்கறவங்களா?"

"ஆமாம்மா. நீங்க?"

"செத்தவர் வீட்டுக்காரி. உள்ள வெச்சிருக்கீங்களே, அவனோட அக்கா."

பூதக்கண்ணாடி ஸ்கூட்டர் சாவியோடு அங்கேயே நின்றாள்.

"உங்க வீட்டுக்காரரும் உங்க தம்பியும் சண்டை போட்டது..."

"நிஜந்தான். தினமும்தான் போடுவாங்க. இவன் வலை வீசறவன். 'மாமா, மீனெல்லாம் செத்து மிதக்குது... ஏரி நல்லாருக்குன்னு சர்டிபிகேட் தராங்க. அதுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கறது நீங்கதானே'ன்னு கத்துவான். அவர் பதிலே பேசமாட்டார். தட்டுல கையை வெச்சபடி குனிஞ்சு உக்காந்திருப்பார். அன்னிக்குத்தான் வாயைத் திறந்தார்."

"என்ன சொன்னார்?"

"'நாளைக்குப் போய் டைரக்டர்கிட்ட கணக்கைத் தீர்த்துட்டு, எல்லாத்தையும் வெளிய சொல்லிடறேன்டா'ன்னார். மறுநாள் வேலைக்குப் போனார்... ஏரியில மிதந்தார்."

"இதை போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். 'தம்பியைக் காப்பாத்த அக்கா சொல்ற கதை'ன்னாங்க."

அவள் ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒருத்தரை ஏரி எடுத்துக்கிச்சும்மா. மிச்சம் இருக்கறவனை நீங்க எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொடுத்ததே அவள் கையெழுத்துதானே!

*

ஏரி தெரிவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்துவிட்டது.

கரையில் நின்றாள். தண்ணீர் இருந்த இடத்தில் பச்சை பெயின்ட் இருந்தது. அப்படித்தான் தோன்றியது!

ஒரு பக்கம் சாக்கடை. இன்னொரு பக்கம் வயல்களிலிருந்து வழிந்து வரும் உரத் தண்ணீர். பயிருக்குப் போட்ட உரம் பாசிக்கு விருந்து. விருந்து சாப்பிட்ட பச்சைப் பாசி பெருகும். மேலே ஜமக்காளம் விரித்த மாதிரி மூடும். கீழே வெளிச்சம் போகாது. கல்லைப் பிடித்து வாழ்ந்த கண்ணாடி வீட்டுக்காரர்கள் இருட்டில் பட்டினி கிடந்து சாவார்கள். பிறகு அந்தப் பாசியும் மடிந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

கடைசி ஆள் மீன்.

கரையோரம் நாலைந்து மீன்கள் வாயை மட்டும் வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஏதோ சொல்ல வருவது போல... குரல் இல்லாமல்!

சின்ன மைக்ராஸ்கோப் ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். எடுத்தாள். ஒரு சொட்டு.

பச்சைக் கூழ்.

மதகுப் பக்கம் போய் ஒரு சொட்டு எடுத்தாள். பிணம் ஒதுங்கிய படித்துறையில் ஒரு சொட்டு. படகு கட்டும் இடத்தில், கையை முழங்கை வரை விட்டு ஆழத்திலிருந்து ஒரு சொட்டு.

எல்லாம் அதே பச்சைக் கூழ்!

பாக்கெட் பொய் சொல்லவில்லை. பாக்கெட்டில் இருந்ததுதான் ஏரி.

அப்படியென்றால்... பாட்டிலில் வந்தது?

நிமிர்ந்து பார்த்தாள். படகுத்துறையை ஒட்டி நாற்பதடி தூரத்தில் வெள்ளைக் கட்டடம். ஏரி ஆராய்ச்சி நிலையம்.

*

"வாங்க வாங்க! உங்க ரிப்போர்ட் பத்தி இன்ஸ்பெக்டர் சொன்னார். அற்புதமான பொருத்தமாமே!"

டைரக்டர் கை கூப்பினார். சலவைச் சட்டை. தங்க ஃபிரேம் கண்ணாடி. பள்ளிக்கூடத்து நல்லாசிரியர் போல இதமான குரல்.

அவள் கண்கள் அவரைத் தாண்டிப் போயின.

ஹால் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி! மேலே திறந்திருந்தது. சுற்றிலும் பட்டையான ஸ்டீல் விளிம்பு. உள்ளே கூழாங்கற்கள், நீர்ச்செடிகள். அடியில் ஒரு பலகை: 'நமது ஏரி - அன்று'.

"இது..."

"எங்க பொக்கிஷம் மேடம்! ஏரி நல்லா இருந்தப்போ எடுத்த தண்ணி, எடுத்த கல்லு. அதையே வளத்துக்கிட்டு வரோம். பள்ளிப் பிள்ளைங்க வந்தா இதைத்தான் காட்டுவோம்."

"ஏரி நல்லா இருந்தப்போன்னா... இப்ப நல்லா இல்லையா சார்?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாய் தவறிடுச்சு. இன்னும் நல்லா இருந்தப்போ!"

அவள் தொட்டியை நெருங்கினாள். கண்ணாடிச் சுவர் பளபளவென்று மின்னியது. அதுதான் தப்பு! நல்ல தண்ணீர் நிற்கும் தொட்டியின் சுவரில் பழுப்பாக ஒரு மென்படலம் படிந்திருக்க வேண்டும். டயாட்டங்களின் குடியிருப்பு அது.

ஒன்றையும் காணோம். மூக்கில் பிளீச்சிங் பவுடர் வாடை ஏறியது.

"கழுவினீங்களா?"

"நேத்துதான். ரொம்பப் பாசி. தண்ணியை மாத்தியாச்சு. கல்லைத் தேய்ச்சுக் கழுவி வேகவெச்சாச்சு. செடி புதுசு, ஃபில்டர் புதுசு. இப்ப உள்ள இருக்கறது குழாய்த் தண்ணி!"

கேட்காததற்கெல்லாம் பதில் வந்தது.

அவள் இன்னும் ஓரடி முன்னால் போனாள். ஸ்டீல் விளிம்பு சரியாக அவள் மார்பில் முட்டியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல நேராக!

போஸ்ட்மார்ட்டம் அறிக்கை ஞாபகம் வந்தது. மார்பின் குறுக்கே நேர்க்கோடாய் ஒரு கன்றிப்போன காயம். 'படகின் விளிம்பாக இருக்கலாம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். ஜன்னலை ஒட்டிக் கரையில் ஏற்றி வைத்திருந்த படகைப் பார்த்தாள். அதன் விளிம்பு வளைந்து, உருண்டையாக இருந்தது. படகில் ஒட்டடை படிந்திருந்தது. துடுப்பில் சிலந்தி வலை!

வருஷக்கணக்காக யாரும் அந்தப் படகை ஏரிக்குள் தள்ளவே இல்லை.

"சார்... மாசா மாசம் சர்டிபிகேட்டுக்குப் போற தண்ணியை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் இதம் குறையவில்லை.

"ஏரியிலேர்ந்துதான். எடுத்துக் குடுத்தது படகுக்காரர். வேணும்னா அவரைக் கேளுங்களேன்!"

அவள் விரல் தொட்டியைக் காட்டியது.

"அவரை இந்தத் தொட்டியில..."

"எந்தத் தொட்டியில? இதுல இருக்கறது குழாய்த் தண்ணி மேடம். ஒரு டயாட்டம் காட்டுங்க, ஒத்துக்கறேன். நானும் இந்தப் படிப்புதான் படிச்சிருக்கேன். எலும்புக்குள்ள எது போகும், எது போகாதுன்னு எனக்கும் தெரியும்."

"ஏரி செத்துடுச்சுன்னு நான் எழுதுவேன்."

"எழுதுங்க! இந்த ஊரே அதைத்தான் குடிக்குது. உரக் கம்பெனிக்கு எங்க சர்டிபிகேட்டை வெச்சுத்தான் லைசென்ஸ். இத்தனை வருஷ சர்டிபிகேட்டை எதிர்த்து உங்க கைப்பையில இருக்கற ஒரு சொட்டை யார் நம்புவா? அப்புறம்..."

குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"மஜ்ஜையும் பாட்டிலும் ஒரே தண்ணின்னு எழுதினது நீங்க. நான் இல்ல. காபி சாப்பிடறீங்களா?"

*

"ரிப்போர்ட்டைத் திருப்பிக் குடுங்க சார். வாபஸ் வாங்கிக்கறேன்."

போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் மேஜைமேல் கால் நீட்டாத குறையாகச் சாய்ந்திருந்தார். அவள் சொன்ன எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டு முடித்திருந்தார். அவருக்கே அது புது அனுபவம்.

"வாபஸ் வாங்கினா உங்க வேலை போகும். ஆனா அவன் வெளிய வரமாட்டான். சண்டைக்கு சாட்சி இருக்கு."

கம்பிகளுக்குப் பின்னால் மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் வலை இழுத்த தழும்புகள். தலை நிமிராமலே பேசினான்.

"ஏரி சாகுதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன் மேடம். யாரும் கேக்கல. அந்த ஆராய்ச்சி நிலையத்து வாசலைக்கூட என்னைத் தாண்ட விடல. இப்ப மாமாவை நான் கொல்லலன்னு கத்தறேன். கேக்க வேண்டியது அதே காதுங்கதானே?"

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டேய், நான் என்னடா பண்ணட்டும்? நான் இவங்களை நம்பறேன். நம்பி என்ன பிரயோஜனம்?" அவள் பக்கம் திரும்பினார். "தொட்டித் தண்ணி ஒரு சொட்டு கிடைக்குமா?"

"கிடைக்காது சார்."

"பாசி?"

"பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சுட்டார்."

"பழைய ஃபில்டர்? கல்லு?"

"எரிச்சிருப்பார். வேகவெச்சுட்டார்."

"அப்ப ஜட்ஜ் முன்னாடி எதை வைக்கறது? உங்க சந்தேகத்தையா? சந்தேகத்தை பாட்டில்ல பிடிச்சு சீல் வைக்க முடியாதே மேடம்!"

வெளியே ஜீப் உறுமியது. கோர்ட்டுக்குக் கிளம்பத் தயார். கான்ஸ்டபிள் லாக்கப் சாவியோடு வந்தார். வாசலில் அக்காக்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். கரையோரத்து மீன் போல... குரலே வரவில்லை.

பூதக்கண்ணாடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படித்த படிப்பு, பார்த்த கண்ணாடி, போட்ட கையெழுத்து... எல்லாம் சேர்ந்து ஓர் அப்பாவியைக் கூண்டில் ஏற்றப் போகிறது. உண்மை தெரியும். காட்ட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

"போலாமா?"

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"சார்... இப்ப என்ன சொன்னீங்க?"

"போலாமான்னேன்."

"அதுக்கு முன்னாடி!"

"சந்தேகத்தை பாட்டில்ல பிடிச்சு..."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"சீல்..." என்றார் இன்ஸ்பெக்டர், தன் குரலையே நம்பாமல்.

அவள் எழுந்து நின்றாள்.

"தொட்டியைக் கழுவினார். கல்லை வேகவெச்சார். ஆனா அதுக்கு முன்னாடி, அந்தத் தொட்டியிலேர்ந்து ஒரு லிட்டர் தண்ணி எடுத்து, தானே அரக்கு வெச்சு, தானே கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிட்டார் சார்! பாதிதான் செலவாச்சு. மீதி என் லேப் பிரிட்ஜ்ல இருக்கு!"

"அவர் எதுக்கு அப்படி அனுப்பணும்? ஏரித் தண்ணியையே அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்ப முடியாது! ஏரித் தண்ணியை அனுப்பினா மஜ்ஜையோட பொருந்தாது. எங்கயோ கொன்னுட்டு ஏரியில போட்டது தெரிஞ்சுடும். ஏரி செத்ததும் சேர்ந்து தெரியும். அதனால எப்பவும் சர்டிபிகேட்டுக்கு எதைப் பிடிச்சாரோ, அதையே பிடிச்சார். பொருந்தணும்னு பிடிச்சார். பொருந்திடுச்சு!"

"இருங்க, இருங்க... அந்த பாட்டில் ஏரித் தண்ணின்னு அவர் சத்தியம் பண்ணுவாரே?"

"பண்ணட்டும். ஜட்ஜ் முன்னாடியே ஏரியில ஒரு பாட்டில் பிடிப்போம். அதுல பச்சைக் கூழ்தான் வரும். சீல் வெச்ச பாட்டில் ஏரி இல்லைன்னு ஆயிடும். அது ஏரி இல்லைன்னா, படகுக்காரர் மூழ்கினதும் ஏரியில இல்ல. ஏன்னா பாட்டில்ல இருக்கறதும் மஜ்ஜையில இருக்கறதும் ஒண்ணு. அப்ப பாட்டிலை எங்க பிடிச்சாங்களோ, அங்கதான் அவர் செத்தார். எங்க பிடிச்சதுன்னு சொல்ல வேண்டியது லேபிள்ல கையெழுத்துப் போட்ட ஆள்! மார்புல இருக்கற நேர்க்கோடு காயத்தை அந்த ஸ்டீல் விளிம்போட அளந்து பாருங்க. மச்சானுக்கு அந்த ஹாலுக்குள்ள நுழையவே அனுமதி கிடையாது."

கான்ஸ்டபிளின் கையில் சாவி அப்படியே நின்றது. கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள் முதல் தடவையாக நிமிர்ந்தன.

இன்ஸ்பெக்டர் நீண்ட விசில் ஒன்றை ஊதினார். தொண்டை வறண்டிருந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனார்... நிறுத்தினார். உள்ளே பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி மேடம்?"

"ஏரி."

டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்துத் தள்ளி வைத்தார்.

"கேஸ் பொழைச்சுடும். ஏரி பொழைக்குமா?"

அவள் டம்ளரைப் பார்த்தாள்.

"அதுக்கு மஜ்ஜை வரைக்கும் போயிடுச்சு சார்."

ஜீப் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

"சரி. ஜீப் எப்படியும் ஸ்டார்ட் ஆயிடுச்சு, அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கே விடச் சொல்றேன். உங்க ரிப்போர்ட்டை என்ன பண்ண? திருத்தித் தரீங்களா?"

"எதுக்கு?" என்றாள் பூதக்கண்ணாடி. "அதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. லாக்கப்ல இருக்கற ஆளை மட்டும் மாத்துங்க சார்!"